‘செவரலி’: பத்திரத்தில் இந்தச் சொல்லைக் கண்டால் எப்படிப் படிப்பது, எங்கே எழுதுவது

வங்கிக் கடன் பத்திரம், வாடகை ஒப்பந்தம், கம்பெனித் தீர்மானம், பவர் பத்திரம், புரோநோட்டு, இப்படி இங்கிலீஷில் அடித்த எதை எடுத்தாலும் எங்காவது ஒரு மூலையில் ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ என்று ஒரு வரி இருக்கும். ஜாயின்ட்லி எல்லோருக்கும் புரியும், கூட்டாக. செவரலியைத்தான் பலர் ஏதோ வக்கீல் பாஷை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்னும் சிலர் ‘செவரல்’ என்றால் பல, அதனால் இது ‘பல விதத்திலும்’ என்பது மாதிரி ஏதோ ஒன்று என்று தாங்களே ஒரு அர்த்தம் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே ஆபத்து, ஏனென்றால் அந்த வரியில் பணம் யாரிடமிருந்து வரும் என்பதைத் தீர்மானிக்கிற சொல் இதுதான்.

முதலில் உச்சரிப்பு. செ-வ-ர-லி என்று நாலாகப் பிரித்துச் சொன்னாலும் சரி, வேகமாக ‘செவ்ரலி’ என்றாலும் சரி, அழுத்தம் முதல் அசையில். ‘சிவியர்லி’ இல்லை, அது கடுமையாக என்று பொருள்படும் வேறு சொல். மொபைலில் அடிக்கும்போது கீபோர்டு இதை அதுவாக மாற்றிவிட வாய்ப்பு உண்டு, ‘ஜாயின்ட்லி அண்ட் சிவியர்லி லயபிள்’ என்று போய் நின்றால் கடன் வாங்கியவன் கடுமையாகப் பொறுப்பேற்கிறான் என்று ஆகிவிடும். நிஜத்தில் அதுவும் பொய்யில்லை என்றாலும் பத்திரத்தில் அப்படி எழுத முடியாது.

சரி, பொருளுக்கு வருவோம். செவரல் என்பதற்கு ‘பல’ என்ற பொருள் பின்னால் வந்தது. லத்தீனில் தனி, பிரிந்த என்ற பொருளுடைய சொல்லிலிருந்து, நார்மன் பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குள் வந்தபோது அதன் பொருள் ‘தனித்தனியான’ என்பதே. ‘செபரேட்’ என்கிற சொல்லும் இதே குடும்பம். 1787-ல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் ‘தி செவரல் ஸ்டேட்ஸ்’ என்று வரும், அதைப் ‘பல மாநிலங்கள்’ என்று படித்தால் தப்பு, ‘அந்தந்த மாநிலங்கள்’ என்று படிக்க வேண்டும். பழைய இங்கிலீஷ் நாடகப் பிரதிகளில் ஒரு காட்சி முடியும்போது ‘எக்ஸியன்ட் செவரலி’ என்று குறிப்பு இருக்கும், மேடையில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு வழியாக வெளியே போகிறார்கள் என்று அர்த்தம். பேச்சு வழக்கில் ‘பல’ ஜெயித்துவிட்டது, ஆனால் சட்டம் பழைய பொருளை விடவே இல்லை. ஆகவே அகராதி அர்த்தம் ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும்: தனித்தனியே. சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

சிக்கல் என்னவென்றால், ‘தனித்தனியே பொறுப்பு’ என்று கேட்டவுடன் நம் மனசு ‘அவரவர் பங்குக்கு அவரவர்’ என்று கணக்குப் போட்டுவிடுகிறது. மூன்று பேர் சேர்ந்து 9 லட்சம் கடன், தனித்தனியே பொறுப்பு, அப்படியானால் ஆளுக்கு 3 லட்சம், என் 3 லட்சத்தை நான் கட்டிவிட்டால் என் வேலை முடிந்தது என்று. செவரலி மட்டும் தனியாக, ஜாயின்ட்லி இல்லாமல், அல்லது ‘செவரலி பட் நாட் ஜாயின்ட்லி’ என்று இருந்தால் இந்தக் கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ என்று இரண்டும் சேர்ந்து இருந்தால் கதை தலைகீழ். அப்போது மூவரில் ஒவ்வொருவரும் தனியாளாகவே முழு 9 லட்சத்துக்கும் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். கடன் கொடுத்தவர் மூவரையும் சேர்த்துப் பிடிக்கலாம், இருவரைப் பிடிக்கலாம், யாரிடம் சம்பளமும் வீடும் இருக்கிறதோ அவர் ஒருவரை மட்டும் பிடித்து மொத்தத்தையும் கேட்கலாம். மொத்தத்தில் 9 லட்சத்துக்கும் வட்டிக்கும் மேல் வாங்க முடியாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. யாரிடம் எவ்வளவு என்பது அவர் விருப்பம்.

அதனால் இந்தச் சொல்லைப் படிக்கிற முறை இப்படி. செவரலியைக் கண்டதும் அதையே முறைத்துக்கொண்டு நிற்காமல் அதன் பக்கத்தில் இருக்கிற இரண்டு சொற்களைப் பாருங்கள். முன்னால் என்ன இருக்கிறது, ‘ஜாயின்ட்லி அண்ட்’டா, ‘ஜாயின்ட்லி ஆர்’ரா, ஒன்றுமே இல்லையா? பின்னால் என்ன இருக்கிறது, ‘லயபிள்’ அல்லது ‘ப்ராமிஸ்’ மாதிரி சுமையைக் குறிக்கும் சொல்லா, ‘ஆத்தரைஸ்ட்’ மாதிரி அதிகாரத்தைக் குறிக்கும் சொல்லா? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் வரி முழுக்கப் புரிந்த மாதிரிதான்.

கடன் பக்கம்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 43. பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தால், வேறு மாதிரி வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாத வரை, வாக்குறுதி பெற்றவர் அவர்களில் யாரை வேண்டுமானாலும் முழுவதையும் நிறைவேற்றச் சொல்லலாம் என்கிறது அது. அப்புறம் கட்டியவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஒருவரால் கொடுக்க முடியாமல் போனால் அந்த நஷ்டத்தை மீதிப் பேர் சமமாகத் தாங்க வேண்டும்.

சட்டமே இதற்கு ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறது, அதைப் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஏ, பி, சி மூவரும் சேர்ந்து டி-க்கு 3,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். டி, சி-யைப் பிடித்து முழு 3,000-ஐயும் வாங்கிவிடுகிறார். ஏ திவாலாகிவிட்டார், அவருடைய சொத்து அவர் கடன்களில் பாதியைத்தான் தாங்கும். இப்போது சி-க்கு எவ்வளவு திரும்ப வரும்? ஆளுக்கு 1,000 பங்கு. ஏ-யின் சொத்திலிருந்து பாதி, 500 வரும். மீதி 500 துண்டு விழுகிறது, அதை பி-யும் சி-யும் 250, 250 என்று பிரித்துக்கொள்கிறார்கள். ஆக பி கொடுக்க வேண்டியது 1,250, சி-யின் கையை விட்டு உண்மையில் போவதும் 1,250. கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதல் நாளே சி 3,000-ஐயும் எடுத்து வைத்தாக வேண்டும், திரும்ப வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு, அவர் செலவில், அவர் அலைச்சலில். டி-க்கு இதில் எந்தக் கவலையும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். பிரிவு 43-ல் ‘சேர்ந்து கொடுத்த வாக்குறுதி’ என்றுதானே இருக்கிறது, செவரலி என்ற சொல்லே இல்லாமல் இதே பலன் வந்துவிடுகிறதே, பிறகு ஏன் எல்லாப் பத்திரத்திலும் அதைப் போடுகிறார்கள்? பழைய இங்கிலாந்துப் பழக்கம்தான். அங்கே வெறும் ‘ஜாயின்ட்’ கடன் என்றால் அது ஒரே ஒரு கடன், ஒரே ஒரு வழக்கு. ஒருவர் மேல் மட்டும் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கிவிட்டால், அவரிடமிருந்து ஒரு காசு தேறாவிட்டாலும், மற்றவர் மேல் மறுபடி போக முடியாது. 1844-ல் ‘கிங் எதிர் ஹோர்’ வழக்கில் இப்படித் தீர்ப்பாகி, 1879-ல் ‘கெண்டல் எதிர் ஹாமில்டன்’ வழக்கில், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் அதையே உறுதி செய்தது. இந்த வலையில் மாட்டக் கூடாது என்றுதான் கடன் கொடுப்பவர்கள் ‘அண்ட் செவரலி’ சேர்த்தார்கள், அப்படிச் சேர்த்தால் ஒவ்வொருவரும் தனித்தனி வாக்குறுதி கொடுத்ததாக ஆகும், ஒவ்வொருவர் மேலும் தனி வழக்கு போடலாம். பிரிட்டனில் அந்தப் பழைய விதியை 1978-ம் வருடச் சட்டம் ஒன்று நீக்கிவிட்டது. ஆனால் பத்திரம் எழுதுகிறவர்கள் ஒருமுறை சேர்த்த சொல்லை லேசில் எடுப்பார்களா?

நமக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், இந்தியப் பத்திரத்தில் செவரலி இல்லை என்பதற்காக ‘என் பங்கு மட்டும்தான்’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. பங்கு மட்டும்தான் என்றால் அதை வெளிப்படையாக எழுதி வாங்க வேண்டும். எழுதாவிட்டால் பிரிவு 43 வந்து நிற்கும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. கடன் கொடுத்தவர் ஒருவரை மட்டும் ‘நீ போ’ என்று விடுவித்துவிட்டால் மற்றவர்களும் விடுபட்டதாக ஆகாது, பிரிவு 44 அதைச் சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால் விடுவிக்கப்பட்டவருக்கும் முழு விடுதலை இல்லை, மீதிப் பேர் அவரிடம் போய் ‘உன் பங்கைக் கொடு’ என்று கேட்க முடியும்.

இந்த விதி எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் சின்னக் கார் ஓட்டி விளையாடும் இடத்தில், 1971-ல், ஒரு பெண்ணின் காரைப் பின்னாலிருந்து அவருடைய வருங்காலக் கணவரே இடித்துவிட, அவருக்குக் காயம். வழக்கு டிஸ்னி மேல். ஜூரி தப்பைப் பங்கு பிரித்தது: பெண்ணுக்கு 14 சதவீதம், இடித்த வருங்காலக் கணவருக்கு 85 சதவீதம், டிஸ்னிக்கு 1 சதவீதம். நஷ்டம் 75,000 டாலர். டிஸ்னி கட்ட வேண்டியது 750 டாலர் என்றுதானே தோன்றும்? ஜாயின்ட் அண்ட் செவரல் பொறுப்பு என்பதால் பெண்ணின் சொந்தப் பங்கான 14-ஐக் கழித்துவிட்டு மீதி 86 சதவீதத்தையும் டிஸ்னி தலையில் வைத்தார்கள். 1987-ல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றமும் அதை அப்படியே நிலைநிறுத்தியது. இது நியாயமா என்று அங்கே பெரிய சண்டையே நடந்து, கடைசியில் 2006-ல் அந்த மாநிலம் இப்படிப்பட்ட வழக்குகளில் இந்த விதியையே எடுத்துவிட்டது. கலிஃபோர்னியா அதற்கு முன்பே, 1986-ல், மக்கள் வாக்கெடுப்பு வைத்து வலி, மன உளைச்சல் போன்ற பணமாக எண்ண முடியாத நஷ்டங்களுக்கு மட்டும் ‘செவரல் ஒன்லி’ என்று மாற்றிக்கொண்டது. அந்த ‘ஒன்லி’யைக் கவனியுங்கள், அவரவர் சதவீதத்துக்கு அவரவர்.

நம் ஊரில் விபத்து வழக்குகளில் அந்த விதி இன்னும் இருக்கிறது. இரண்டு வண்டி மோதி, எந்தத் தப்பும் செய்யாத பயணிக்கு அடிபட்டால், அவர் இரண்டு வண்டிக்காரரில் யாரிடம் வேண்டுமானாலும் முழு இழப்பீட்டையும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் ‘கென்யெய் எதிர் நியூ இந்தியா அஷூரன்ஸ்’ வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடிபட்டவர் பக்கமிருந்து பார்த்தால் இது நல்ல விதி. எந்த வண்டி எத்தனை சதவீதம் என்று அவர் ஏன் அலைய வேண்டும்? கடன் பத்திரத்தில் நம்மைக் கடிக்கிற அதே சொல் இங்கே நமக்குக் காவல்.

ஷூரிட்டி கையெழுத்து

‘மச்சான், சும்மா ஒரு கையெழுத்து, ஃபார்மாலிட்டிதான்’ என்று கூப்பிட்டுப் போவார்கள். போய் உட்கார்ந்தால் முப்பது பக்கத்துக்கு ஒரு பத்திரம், பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து. அதில் செவரலியைத் தேடுங்கள், கட்டாயம் இருக்கும்.

கடனாளி கட்டவில்லை என்றால் முதலில் அவன் சொத்தை எல்லாம் ஏலம் விட்டு, அதுவும் போதாமல் போனால்தான் ஜாமீன் போட்டவரிடம் வருவார்கள் என்று நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128, வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் சம அளவு என்கிறது. இதைச் சோதித்துப் பார்த்த வழக்கு ‘பாங்க் ஆஃப் பிஹார் எதிர் தாமோதர் பிரசாத்’. கீழ்க்கோர்ட், கடனாளியிடம் எல்லா வழியும் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் போக வேண்டும் என்று வங்கிக்கு நிபந்தனை போட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் 1968-ல் அந்த நிபந்தனையைத் தூக்கிப் போட்டது, கடனாளியிடம் போய்க் காத்திரு என்று வங்கியைச் சொன்னால் ஜாமீன் வாங்கியதன் நோக்கமே போய்விடும் என்பதுதான் அதன் வாதம்.

அப்படியானால் அந்தப் பத்திரத்தில் என்ன பார்க்க வேண்டும்? முதலாவது, தொகைக்கு உச்சவரம்பு. ‘இத்தனை ரூபாய் வரை மட்டும்’ என்று உங்கள் பொறுப்பை நிறுத்தி எழுத முடியுமா என்று கேளுங்கள். பெரிய வங்கியின் அச்சடித்த படிவத்தில் மாற்றம் செய்ய ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாலும், தனியாரிடம் புரோநோட்டு எழுதும்போதும் தொழில் கடனில் பங்குதாரர்கள் பலர் ஜாமீன் போடும்போதும் இது பேசி வாங்கக்கூடிய விஷயம்தான். இரண்டாவது, ‘கன்டின்யூயிங் கேரன்ட்டி’ என்று இருக்கிறதா? ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட் மாதிரி எடுத்து எடுத்துக் கட்டும் கணக்குகளில் இருக்கும், அப்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்றைய பாக்கிக்கு மட்டும் இல்லை, நாளை மறுநாள் எடுப்பதற்கும் சேர்த்துப் பொறுப்பு. பிரிவு 130 படி நோட்டீஸ் கொடுத்து, இனி வரப்போகிற பரிவர்த்தனைகளுக்கு இதை நிறுத்தலாம், ஏற்கெனவே ஏறியதற்கு இல்லை.

மூன்றாவதை யாரும் படிப்பதில்லை. பத்திரத்தில் 133, 134, 135, 139, 141 என்று சில பிரிவு எண்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் கீழ் வரும் உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு பத்தி இருக்கும். ஜாமீன்தாரருக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்புகள் அவைதான். உதாரணமாக, உங்களைக் கேட்காமல் கடனாளியும் வங்கியும் கடன் நிபந்தனையை மாற்றிக்கொண்டால் அதற்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு உங்கள் பொறுப்பு போய்விடும் என்பது 133. செவரலி உங்களைத் தனியாளாக நிறுத்துகிறது, இந்தப் பத்தி கையில் இருக்கிற கேடயத்தையும் வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பத்திரத்தின் முழு எடை தெரியும்.

கட்டியே தீர வேண்டி வந்துவிட்டால், கட்டிய பிறகு உங்களுக்கும் வழி இருக்கிறது. வங்கி இருந்த இடத்தில் நீங்கள் நின்று கடனாளியிடம் வசூலிக்கலாம் என்கிறது பிரிவு 140, கூட ஜாமீன் போட்டவர்கள் சமமாகப் பங்கு தர வேண்டும் என்கிறது 146. அதனால் கையெழுத்துப் போட்ட அன்றே பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வழக்குக்கு அதுதான் ஆதாரம். அந்தக் கடன் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறும் என்பதால் நீங்கள் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அதைப் பற்றிக் கேள்வி வரலாம்.

கூட்டு வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஒரு வரி. பங்குதாரர் சட்டம் 1932, பிரிவு 25, நீங்கள் பார்ட்னராக இருந்த காலத்தில் ஃபர்ம் செய்த எல்லாவற்றுக்கும் மற்றவர்களோடு கூட்டாகவும், அதோடு செவரலியாகவும் பொறுப்பு என்கிறது. விலகிவிட்டேன் என்று வீட்டில் சொன்னால் போதாது, பொது அறிவிப்பு கொடுக்கும் வரை வெளியாட்களிடம் பொறுப்பு தொடரும். இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் 2008-ல் எல்எல்பி (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் கூட்டு நிறுவனம்) சட்டம் வந்தபோது பலர் அந்தப் பக்கம் போனார்கள்.

அதிகாரப் பக்கம்

இங்கே செவரலி நல்ல பிள்ளை. கம்பெனி போர்டு தீர்மானத்தில் இரண்டு டைரக்டர்கள் பெயரைப் போட்டு ‘செவரலி ஆத்தரைஸ்ட்’ என்று எழுதினால், இருவரில் யார் ஒருவர் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். ‘ஜாயின்ட்லி ஆத்தரைஸ்ட்’ என்றால் இருவரும் போட வேண்டும், ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் செக் அப்படியே மேஜையில் கிடக்கும். ‘ஜாயின்ட்லி ஆர் செவரலி’ என்றால் சேர்ந்தும் போடலாம், தனியாகவும் போடலாம், நடைமுறையில் செவரலிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டையும் கலந்து வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி: 50,000 ரூபாய் வரை செவரலி, அதற்கு மேல் ஜாயின்ட்லி. சின்னச் செலவு நிற்காது, பெரிய தொகை ஒருவர் கையால் மட்டும் போகாது. குடியிருப்போர் சங்கம், கோயில் கமிட்டி, பழைய மாணவர் சங்கம் எதற்குக் கணக்கு ஆரம்பித்தாலும் இதைப் பேசி முடித்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.

இங்கிலாந்தில் இருக்கிற நம் ஆட்களுக்கு இந்தச் சொல் இரண்டு இடத்தில் வரும். வயதான பெற்றோர், பின்னால் தங்களால் முடிவெடுக்க முடியாமல் போனாலும் செல்லுகிற பவர் பத்திரமான ‘லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி’ எழுதும்போது, பிள்ளைகள் இருவரை நியமித்தால் ‘ஜாயின்ட்லி’யா ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’யா என்று கேட்பார்கள். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முடிவுக்கும் இருவரும் வேண்டும், மாற்று ஆள் ஏற்பாடு எதுவும் செய்யாமல் இருந்து, ஒரு பிள்ளை இறந்துவிட்டாலோ செயல்பட முடியாமல் போனாலோ, மற்றப் பிள்ளையாலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதில் யார் ஒருவரும் தனியாகச் செய்யலாம். அண்ணன் தம்பிக்குள் நம்பிக்கை எப்படி என்பதைப் பொறுத்து யோசித்துக் குறி போட வேண்டிய கட்டம் அது.

மற்றது படிக்கப் போகும் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீடு. ஒரே ஒப்பந்தத்தில் நால்வரும் கையெழுத்துப் போட்டால் வாடகைக்கு ஜாயின்ட்லி அண்ட் செவரலி பொறுப்பு, ஒருவன் பாதியில் ஊருக்கு விமானம் ஏறிவிட்டால் அவன் பங்கையும் மீதி மூவரிடம் வீட்டுக்காரர் கேட்கலாம், அதுவும் மூவரில் ஒருவரிடமே கேட்கலாம். ஜாமீன் போடச் சொல்லி அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கோ அங்கே இருக்கிற சித்தப்பாவுக்கோ ஒரு படிவம் வரும். அதில் ‘என் மகனின் பங்குக்கு மட்டும்’ என்று இருக்கிறதா, மொத்த வாடகைக்கும் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் முகம் தெரியாத மூன்று பிள்ளைகளின் வாடகைக்கும் சேர்த்து நீங்கள் பொறுப்பு.

ஜாயின்ட்லி இல்லாத செவரலி

அரிதுதான், ஆனால் பெரிய பணம் புழங்கும் இடங்களில் இதுதான் வழக்கம். லண்டனில் லாயிட்ஸ் என்ற பழைய இன்ஷூரன்ஸ் சந்தை இருக்கிறது, அங்கே ஒரு கப்பலின் ஆபத்தைப் பல பேர் துண்டு துண்டாக ஏற்றுக்கொள்வார்கள். 1982-ம் வருட லாயிட்ஸ் சட்டமே, ஒவ்வொரு உறுப்பினரும் தன் பங்குக்கு மட்டும் பொறுப்பு, ஒருவருக்காக இன்னொருவர் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. அதே போலப் பல வங்கிகள் சேர்ந்து ஒரு பெரிய கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது, கொடுக்கிற பொறுப்பு செவரல்தான். ஒரு வங்கி தன் பங்கைத் தராவிட்டால் மற்ற வங்கிகள் அதை ஈடுகட்ட வேண்டியதில்லை. நம்மிடம் வாங்கும்போது ஜாயின்ட்லி அண்ட் செவரலி, தங்களுக்குள் என்று வரும்போது செவரலி மட்டும். சொல்லின் அருமை தெரிந்தவர்கள்.

பத்திரத்துக்கு வெளியே

சாதாரண எழுத்தில் செவரலியைப் போடலாமா என்று கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்பேன். ‘செபரேட்லி’, ‘இன்டிவிஜுவலி’ இரண்டும் கையில் இருக்கும்போது இதைப் போட்டால் படிக்கிறவர் ஒரு நொடி தடுக்கி நிற்பார். ஆனால் கூட்டாக ஒன்று, தனியாக வேறொன்று என்ற எதிர்நிலையைக் காட்டும்போது இது அழகாக உட்காரும். ஒரு வழக்கில் ஐந்து சாட்சியங்கள், ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் பலவீனம், சேர்த்துப் பார்த்தால் வலு என்று சொல்ல ‘டேக்கன் செவரலி’ என்று தொடங்கலாம். எழுவாய் பன்மையாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள், ஒரே ஆள் செவரலியாக எதுவும் செய்ய முடியாது.

‘ரெஸ்பெக்டிவ்லி’யோடு இதைக் குழப்ப வேண்டாம். ராமுவுக்கும் ரவிக்கும் முறையே பத்தும் இருபதும் என்று வரிசை பிடித்துப் பொருத்துவது அது. செவரலிக்கு வரிசை கிடையாது.

நைஜீரியா, கானா, கென்யா பக்கத்து ஆட்களோடு வேலை செய்கிறவர்கள் ‘ஐ ஹேவ் கால்ட் யூ செவரலி’ என்று மெயில் வந்தால் திகைக்க வேண்டாம். அந்த ஊர் இங்கிலீஷில் அதற்குப் பல தடவை என்று பொருள், அங்கே அது சகஜமான பேச்சு. நீங்கள் பதில் எழுதும்போது மட்டும் ‘செவரல் டைம்ஸ்’ என்றே எழுதிவிடுங்கள், மற்ற ஊர்க்காரர்கள் படித்தால் இந்தப் பொருளில் புரியாது.

தமிழில் எழுதும்போது

பத்திரம் மொழிபெயர்க்கிறவர்கள் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று போடுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரி, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்கிறவர் காதில் அந்தத் ‘தனித்தனியாக’ மறுபடியும் ‘அவரவர் பங்கு’ என்றுதான் விழுகிறது, நம் பேச்சில் ‘தனித்தனியா பில் போடுங்க’ என்று ஹோட்டலில் சொல்வது அந்த அர்த்தத்தில்தானே. சுய உதவிக் குழுவில் கையெழுத்துப் போடுகிற அக்காவுக்கோ, பேரனின் படிப்புக் கடனுக்குக் கூட நிற்கிற தாத்தாவுக்கோ அதைப் படித்துக் காட்டினால் தலையாட்டிவிட்டு மூன்றில் ஒரு பங்கு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதனால் வழக்கமான சொற்றொடரை நீக்காமல் கூடவே ஒரு வரி சேர்த்து எழுதுவது என் பழக்கம், இப்படி: ‘நாங்கள் மூவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்கிறோம், அதாவது எங்களில் எவர் ஒருவரிடமிருந்தும் முழுத் தொகையையும் வட்டியையும் வசூலித்துக்கொள்ளத் தங்களுக்கு உரிமை உண்டு.’ பங்கு மட்டும் என்றால் அதற்கு வேறு வரி: ‘எங்களில் ஒவ்வொருவரும் தம் பெயருக்கு எதிரே குறித்துள்ள தொகைக்கு மட்டுமே பொறுப்பு, ஒருவர் தராத தொகையை மற்றவரிடம் கேட்க முடியாது.’ கீழே பெயரும் தொகையும் எண்ணிலும் எழுத்திலும். அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் என்றால் இன்னும் சுருக்கம், ‘இவர்களில் எவர் ஒருவரும் தனியே கையெழுத்திடலாம்’ என்று போட்டால் வங்கிக்காரர் மறுபேச்சு பேச மாட்டார்.